கொழுத்த ஆடு நலமான ஆடா?



ஆடு மாடு வளர்ப்பது தோட்டத்து மக்களாகிய நமக்குப் புதிதல்ல. பால்வெட்டு முடிந்து வீடு திரும்பி, பசியாறிவிட்டு, கோணியும் அரிவாளுமாகப் புல்லறுக்கப் புறப்பட்ட தலைமுறையின் பிள்ளைகள் நாம். தோட்டத்துச் சம்பளம் வயிற்றுக்குப் போதும். ஆனால், பிள்ளையின் படிப்புக்கும் பெண்ணின் கல்யாணத்துக்கும் கைகொடுத்தது பல வீடுகளில் கொட்டகையில் நின்ற நான்கு ஆடுகள்தாம்.

இன்று பல தோட்டங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. மேய்ச்சல் நிலம் சுருங்கிவிட்டது. கடையில் விற்கும் கலப்புத் தீவனத்தின் விலையோ ஏறிக்கொண்டே போகிறது. ஆகவே, சுற்றுப்புறத்தில் மலிவாகக் கிடைப்பதைத் தீவனமாக்கலாமா என்று பலரும் கேட்கிறார்கள். செம்பனைப் புண்ணாக்கு, மரவள்ளி இலை, தவிடு, பெத்தாய் பெலாலாங் இலை, மீந்துபோன சோறு எல்லாம் நம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. இவற்றைக் கொடுக்கலாமா?

கொடுக்கலாம் என்பதே என் பதில். ஆனால், எந்தப் பிராணிக்கு, எவ்வளவு, எப்படிப் பக்குவப்படுத்தி என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை தெரிந்துகொண்டு கொடுக்க வேண்டும். அது தெரியாமல் கொடுத்த ஒரு குடும்பத்தின் கதையை முதலில் சொல்கிறேன். அது வேறு யாருடைய கதையும் அல்ல. எங்கள் வீட்டுக் கதைதான்.

அது 1990ஆம் ஆண்டு. கீழ்ப் பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்தில் நாங்கள் குடியிருந்தோம். எனக்குப் பதினொரு வயது. ஐந்தாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன். ரப்பர் மரங்களுக்கு அடியில் செம்மறியாடு வளர்த்தால் புல்லும் அடங்கும், வருமானமும் வரும் என்று 1980களில் நம் நாட்டில் பெரிதாக ஊக்குவித்தார்கள். அதைப் பார்த்து, அம்மா கூட்டு கட்டிச் சேர்த்த பணத்தில் அப்பாவும் ஆறு செம்மறிக் குட்டிகளை வாங்கினார். தீபாவளிக்கு அவற்றை விற்று, அடுத்து வரும் தை மாதத்தில் அக்காவின் கல்யாணத்தை முடிப்பது என்பது திட்டம்.

அப்பாவுக்குத் தெரிந்த லோரி ஓட்டுநர் ஒருவர் செம்பனைப் புண்ணாக்கை மூட்டை மூட்டையாக மலிவு விலைக்குக் கொண்டுவந்து கொடுத்தார். ஆடுகள் அதை ஆவலோடு தின்றன. மழைக்காலத்தில் புல்லறுக்கப் போகும் தொல்லையும் மிச்சம். நாளடைவில் புல் குறைந்தது. புண்ணாக்கே முழுச் சாப்பாடாயிற்று. மூன்று மாதத்தில் ஆடுகள் பளபளவென்று கொழுத்து நின்றன. பார்த்தவர்களெல்லாம் பாராட்டினார்கள். அடுத்த வீட்டு மாமா ஒரு கறவை மாடு வைத்திருந்தார். அப்பா அவருக்கும் இரண்டு மூட்டைகள் கொடுத்தார். அவருடைய மாடும் அதைத் தின்று நன்றாகப் பால் கறந்தது.

நான்காவது மாதத்தில், இரண்டு நாள் விடாமல் மழை கொட்டியது. கொட்டகைக்குள் தண்ணீர் புகுந்தது. ஆடுகள் நனைந்து, நடுங்கி, சரியாகத் தின்னாமல் நின்றன. மறுநாள் காலையில் ஓர் ஆடு தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு தனியாக நின்றது. கண்ணின் உள்பக்கம் மஞ்சள் பூசியதுபோல் இருந்தது. அது போன சிறுநீர் கறுப்புக் கோப்பி நிறத்தில் இருந்தது. அன்று மாலையே அது செத்துவிட்டது. அந்த வாரத்துக்குள் இன்னும் இரண்டு அதே மாதிரி மாண்டன.

இதற்குச் சில நாட்களுக்கு முன்புதான் எங்கள் ஆடுகள் வேலி தாண்டிப் போய் மாமாவின் காய்கறிப் பாத்தியை மேய்ந்துவிட்டன. அதனால் இரண்டு வீட்டுக்கும் வாய்ச்சண்டை நடந்திருந்தது. லயத்தில் ஒருவர் “மருந்து வைத்துவிட்டார்கள்” என்றார். இன்னொருவர் “செய்வினை” என்றார். புண்ணாக்கின் மீது யாருக்கும் சந்தேகம் எழவில்லை. எழுந்தாலும் நிலைத்திருக்காது, ஏனென்றால் அதே மூட்டையிலிருந்து தின்ற மாமாவின் மாடு நலமாக நின்றுகொண்டிருந்தது. அப்பாவின் கண்ணுக்கு அதுவே சாட்சியாகிவிட்டது. பலர் முன்னிலையில் மாமாவின் பெயரைச் சொல்லிச் சொல்லக்கூடாத வார்த்தைகளைச் சொல்லிவிட்டார்.

தோட்டத்து டிரெசர்தான் கால்நடை இலாகாவுக்குத் தகவல் கொடுத்தார். வந்த அதிகாரி மூன்றாவது ஆட்டை அறுத்துப் பார்த்தார். ஈரல் ஆரஞ்சு கலந்த மஞ்சள் நிறமாக இருந்தது. சிறுநீரகங்கள் கருத்துப் போயிருந்தன. இறைச்சியை யாரும் சமைக்கக் கூடாது என்று சொல்லி, குழி தோண்டிப் புதைக்க வைத்தார். ஈரலில் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு, “புண்ணாக்கை இன்றோடு நிறுத்துங்கள், புல் மட்டும் கொடுங்கள்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

சில வாரங்கள் கழித்து மலாய் மொழியில் ஒரு கடிதம் வந்தது. வீட்டில் அதை வாசிக்கக் கூடியவன் நான்தான். அதில் ‘குப்ரும்’ என்றொரு சொல் இருந்தது. எனக்கும் விளங்கவில்லை. மறுநாள் பள்ளியில் ஆசிரியரைக் கேட்டேன். “செம்பு. குடம் செய்கிறோமே, அந்தச் செம்பு” என்றார். ஆடுகளின் ஈரலில் அளவுக்கு மீறிச் செம்பு சேர்ந்துவிட்டது, அதனால்தான் செத்தன. மருந்து வைத்தவர் யாருமில்லை. நாங்களேதான் ஒவ்வொரு நாளும் அன்போடு அள்ளி வைத்தோம்.

நேயர்களே, இது எப்படி நடந்தது என்று இப்போது பார்ப்போம்.

செம்பனைப் பழத்தின் கொட்டைக்குள் இருக்கும் பருப்பைப் பிழிந்து எண்ணெய் எடுத்த பிறகு மிஞ்சும் சக்கையே செம்பனைப் புண்ணாக்கு. அதில் நூற்றுக்கு 14 முதல் 17 பங்கு வரை புரதம் இருக்கிறது. உடம்புக்கு வேண்டிய சக்தியும் இருக்கிறது. நம் நாட்டு மாட்டுப் பண்ணைகள் மட்டுமல்ல, நியூசிலாந்தின் பால் பண்ணைகளும் இதை வாங்கிப் பயன்படுத்துகின்றன. ஆகவே, இது மட்டமான தீவனம் அல்ல.

ஆனால், இதில் செம்புச் சத்தும் இருக்கிறது. ஒரு கிலோ புண்ணாக்கில் ஏறக்குறைய 20 முதல் 29 மில்லிகிராம் வரை செம்பு இருப்பதாக ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. செம்பு உயிர்களுக்குத் தேவையான ஒன்றுதான். அது இல்லாவிட்டால் இரத்தம் ஊறாது. ஆனால், செம்மறியாட்டுக்கு ஒரு கிலோ உலர்ந்த தீவனத்தில் 5 முதல் 10 மில்லிகிராம் செம்பு இருந்தாலே போதும். வெறும் புண்ணாக்கையே தின்னும் ஆட்டுக்குத் தேவையைப் போல் இரண்டு, மூன்று மடங்கு நாள்தோறும் உள்ளே போகிறது.

மாட்டுக்கு வேண்டாத செம்பு வந்தால் அதன் ஈரல் பெரும்பகுதியைப் பித்தத்தோடு சேர்த்து வெளியேற்றிவிடும். செம்மறியாட்டின் ஈரலுக்கு அந்தத் திறமை மிகக் குறைவு. வருவதையெல்லாம் சேர்த்து வைத்துக்கொள்ளும். தண்ணீர்த் தொட்டிக்குக் குழாய் வழியாகத் தண்ணீர் வந்துகொண்டே இருக்கிறது, வெளியே போகும் வழியோ அடைபட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தொட்டி நிரம்பும் வரையில் வெளியே நிற்பவருக்கு எதுவும் தெரியாது. அதுபோல் ஈரல் நிரம்பும் வரையில் ஆடு தின்னும், துள்ளும், கொழுக்கும்.

பிறகு ஒரு நாள் மழையில் நனைகிறது. அல்லது லோரியில் ஏற்றுகிறோம். அல்லது பட்டினி கிடக்கிறது. அல்லது குட்டி போடுகிறது. இப்படி உடம்புக்கு ஓர் அதிர்ச்சி வந்தவுடன், ஈரலில் தேங்கியிருந்த செம்பு திடீரென்று இரத்தத்தில் கலக்கிறது. இரத்தத்தின் சிவப்பணுக்கள் உடைகின்றன. உடைந்த அணுக்களின் நிறம் சிறுநீரில் இறங்கிக் கோப்பி நிறமாகிறது. கண்ணும் ஈறும் மஞ்சளாகின்றன. சிறுநீரகம் அடைபடுகிறது. ஒன்றிரண்டு நாட்களில் ஆடு செத்துவிடுகிறது. மாதக்கணக்கில் ஏறிய நஞ்சு, ஒரே நாளில் வந்ததுபோல் தோன்றுவதால்தான் நாம் பக்கத்து வீட்டைப் பார்க்கிறோம்.

மாமாவின் மாடு ஏன் சாகவில்லை என்பதற்கும் இதுவே விடை. ஒரே மூட்டை, ஒரே தீவனம். தின்ற பிராணிதான் வேறு.

செர்டாங்கிலுள்ள விவசாயப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சியாளர்கள் 1990களில் இதைப் பற்றி ஆராய்ந்தார்கள். 1997இலிருந்து அது புத்ரா பல்கலைக்கழகம் என்ற பெயரில் இயங்குகிறது. புண்ணாக்குத் தின்னும் செம்மறிகளுக்குத் துத்தநாகமோ மாலிப்டினம் கலந்த உப்போ சிறு அளவில் சேர்த்துக் கொடுத்தால், ஈரலில் செம்பு சேர்வது குறைகிறது என்று கண்டார்கள். ஆனால், இவை மருத்துவர் அளந்து கொடுக்க வேண்டியவை. நாமாக வாங்கிக் கலக்கக் கூடாது.

நாம் செய்யக் கூடியது அளவோடு நிறுத்துவது. செம்மறியாட்டுக்கு உலர்ந்த கணக்கில் பத்துப் பங்கு தீவனம் என்றால், புண்ணாக்கு மூன்று பங்கைத் தாண்டக் கூடாது. இதைக் கணக்குப் போட்டுக் குழம்ப வேண்டாம். 30 கிலோ எடையுள்ள ஆட்டுக்கு நாளொன்றுக்கு மூன்று கிலோ பச்சைப் புல்லும், காலி பால் டின்னில் தலைதட்டி ஒரு டின் புண்ணாக்கும் கொடுத்தால் அந்த அளவுக்குள் அடங்கிவிடும். ஒரு டின் புண்ணாக்கு ஏறக்குறைய கால் கிலோ நிற்கும். கடையில் ஒருமுறை நிறுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். குட்டிக்கு எடைக்குத் தக்கபடி குறைத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளாடு செம்மறியைவிடச் செம்பைத் தாங்கும். ஆனாலும், அதற்கும் புல்லும் தழையுமே முதல் உணவாக இருக்கட்டும். மாட்டுக்கு இன்னும் தாராளமாகக் கொடுக்கலாம். கோழிக்கு மட்டும் தீவனத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். புண்ணாக்கிலுள்ள நாரையும் ஓட்டுத் துகள்களையும் கோழியின் வயிற்றால் செரிக்க முடியாது. வயிறு நிறைந்தும் கோழி வளராது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பன்றிக்கென்று விற்கும் தீவனத்தில் வளர்ச்சிக்காகச் செம்பைத் தனியாகவே சேர்ப்பதுண்டு. மலிவாகக் கிடைத்தது, மீந்துபோனது என்று அதைச் செம்மறியாட்டுக்குப் போடாதீர்கள்.

நேயர்களே, செம்பனைப் புண்ணாக்கைப் பற்றி இவ்வளவு நேரம் பேசியதற்குக் காரணம், அது ஓர் உதாரணம் என்பதால்தான். முதலில் சொன்ன மூன்று கேள்விகளை மற்றத் தீவனங்களுக்கும் போட்டுப் பார்ப்போம்.

மரவள்ளியை எடுத்துக்கொள்வோம். கிழங்கை நாம் தின்கிறோம், இலை வீணாகிறது. உலர்த்திய இலையில் நூற்றுக்கு இருபது பங்குக்கு மேல் புரதம் இருக்கிறது. இது ஆட்டுக்கு நல்ல உணவு. ஆனால், பச்சையாக அள்ளிப் போட்டால் எமனாகிவிடும். மரவள்ளி இலைக்குள் இரண்டு பொருள்கள் தனித்தனியாக இருக்கின்றன. ஆடு மெல்லும்போது அவை ஒன்றுசேர்ந்து சயனைடு என்ற கொடிய நஞ்சு உண்டாகிறது. அதிகமாகத் தின்ற ஆடு சிறிது நேரத்திலேயே மூச்சுத் திணறி, தள்ளாடி விழுந்துவிடும். மருத்துவரை அழைக்கக்கூட நேரம் இருக்காது.

இதற்கு மாற்று வழி எளியது. இலையைப் பொடியாக நறுக்கி, வெயிலில் மெல்லிய படுகையாகப் பரப்பி, இரண்டு மூன்று நாள் நன்றாகக் காய வையுங்கள். நறுக்கும்போதே அந்த இரண்டு பொருள்களும் ஆட்டின் வயிற்றுக்கு வெளியிலேயே கலந்து, உண்டாகும் நஞ்சு காற்றோடு போய்விடுகிறது. கசப்பு மரவள்ளியில் நஞ்சு அதிகம். அதில் கூடுதல் கவனம் தேவை. காய்ந்த இலையையும் ஒரு கைப்பிடியில் தொடங்கி, மொத்தத் தீவனத்தில் கால் பங்குக்குள் நிறுத்திக்கொள்ளுங்கள். ரப்பர் கொட்டையிலும் இதே வகை நஞ்சு உண்டு. ஓடு நீக்கி, வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, உலர்த்தாமல் எந்தப் பிராணிக்கும் கொடுக்கக் கூடாது.

அடுத்து, பெத்தாய் பெலாலாங். தமிழ்நாட்டில் இதைச் சவுண்டல் என்றும் சூபாபுல் என்றும் சொல்வார்கள். வேலியோரத்தில் தானாக வளரும் இதன் இலையிலும் புரதம் நிறைய. ஆனால், ‘மிமோசின்’ என்ற பொருள் இதில் இருக்கிறது. இதையே பல வாரங்கள் தின்னும் பிராணிக்கு முடி கொட்டும். கழுத்துச் சுரப்பி வீங்கும். தின்றும் எடை ஏறாது. இதைப் பற்றி ஒரு சுவையான செய்தி உண்டு. ஆஸ்திரேலியாவில் இந்த இலையைத் தின்ற மாடுகள் நோயுற்றன. ஹவாய்த் தீவிலோ ஆடுகள் அதையே தின்று நலமாக இருந்தன. ரேமண்ட் ஜோன்ஸ் என்ற ஆஸ்திரேலிய விஞ்ஞானி இதன் காரணத்தைத் தேடினார். ஹவாய் ஆடுகளின் இரைப்பையில் வாழும் ஒரு நுண்ணுயிர் அந்த நஞ்சை உடைத்துவிடுகிறது என்று தெரிந்தது. 1980களின் தொடக்கத்தில் அந்த நுண்ணுயிரை ஆஸ்திரேலிய மாடுகளின் வயிற்றுக்குள் செலுத்தினார்கள். மாடுகளும் அந்த இலையைத் தாங்கத் தொடங்கின. 1992இல் அந்த நுண்ணுயிருக்கு ஜோன்ஸின் பெயரையே சூட்டினார்கள்.

நம் ஆட்டின் வயிற்றில் அந்த நுண்ணுயிர் இருக்கிறதா என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. ஆகவே, மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்த இலையைக் கொடுக்காமல் இருப்பதே புத்திசாலித்தனம். கோழித் தீவனத்தில் நூற்றுக்கு ஐந்து பங்குக்குள் இருக்கட்டும்.

தவிட்டைப் பற்றி யாருக்கும் பயமில்லை. அதிலும் ஒரு குறை உண்டு. தவிட்டில் பாஸ்பரஸ் மிக அதிகம். கல்சியம் மிகக் குறைவு. தவிடும் புண்ணாக்குமாகவே வளரும் கிடாய்க்கு, முக்கியமாக விதையடித்த கிடாய்க்கு, சிறுநீர்ப் பாதையில் கல் அடைக்கும். முக்கும், முனகும், சொட்டுச் சொட்டாகப் போகும். சிறுநீர் அடியோடு நின்றுவிட்டால் பிழைப்பது அரிது. இதைத் தடுக்க, நூறு பங்கு தவிட்டுக்கு ஒன்றிரண்டு பங்கு சுண்ணாம்புக்கல் தூளைக் கலந்துகொள்ளுங்கள். தீவனக் கடையில் விற்கும் தூளைச் சொல்கிறேன். வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பை அல்ல. குடிக்கத் தண்ணீரும் நக்குவதற்கு உப்பும் எப்போதும் பக்கத்தில் இருக்க வேண்டும்.

மீந்துபோன சோற்றுக்கு வருவோம். கல்யாண வீட்டில் ஓர் அண்டா சோறு மீந்துவிட்டது, வீணாக்குவானேன் என்று மாட்டுக்கோ ஆட்டுக்கோ கொட்டுகிறோம். ஆடு மாடுகளின் பெரிய இரைப்பை நார் நிறைந்த புல்லைச் செரிப்பதற்காக அமைந்தது. அதில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் வேலை செய்கின்றன. ஒரே நேரத்தில் சோறு நிறைய விழுந்தால் அது மளமளவென்று புளித்து அமிலமாகிறது. நல்ல நுண்ணுயிர்கள் மடிகின்றன. வயிறு உப்பி, கழிச்சல் கண்டு, பிராணி படுத்துவிடுகிறது. மாட்டுப் பொங்கலன்று ஒரு கவளம் பொங்கல் ஊட்டுவது நம் அன்பின் அடையாளம். அந்தக் கவளத்தோடு நிறுத்திக்கொண்டால் மாட்டுக்கும் நல்லது, நமக்கும் நல்லது. எந்தப் புதுத் தீவனமானாலும், பத்துப் பதினைந்து நாளில் சிறிது சிறிதாகக் கூட்டிக் கொண்டுபோக வேண்டும் என்பதற்கும் இந்த நுண்ணுயிர்களே காரணம். அவை புது உணவுக்குப் பழகிக்கொள்ள நாள் வேண்டும்.

கடைசியாக, பூஞ்சணம் பிடித்த தீவனம். மனிதருக்கு ஆகாததை ஆட்டுக்கும் கோழிக்கும் போடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. 1960இல் இங்கிலாந்தில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மாண்டன. காரணம் தெரியாததால் அதற்கு ‘எக்ஸ் நோய்’ என்று பெயரிட்டுத் திகைத்தார்கள். முடிவில், பிரேசில் நாட்டிலிருந்து வந்த வேர்க்கடலைப் புண்ணாக்கில் வளர்ந்திருந்த பூஞ்சணமே அந்த நஞ்சை உண்டாக்கியது என்று கண்டுபிடித்தார்கள். அந்த நஞ்சுக்கு அஃப்லாடாக்சின் என்று பெயர். சமைத்தாலும் அது முழுமையாக அழியாது. வாத்துகளையும் வான்கோழிகளையும் அது மிக எளிதில் தாக்கும். கறவை மாடு தின்றால் பாலிலும் அது இறங்கும். அந்தப் பாலைக் குடிப்பவர்கள் நம் குழந்தைகள். நமது நாட்டின் ஈரக் காற்றில் தேங்காய்ப் புண்ணாக்கும் கடலைப் புண்ணாக்கும் விரைவில் பூஞ்சணம் பிடிக்கும். ஆகவே, மூட்டையைத் தரையில் வைக்காமல் பலகைமேல் வையுங்கள். ஒரு மாதத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்குங்கள். முக்கிப்போன வாடை அடித்தால், காசு போனாலும் போகட்டும் என்று புதைத்துவிடுங்கள்.

நேயர்களே, இவற்றிலிருந்து நாம் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் ஒன்றுதான். எடை ஏறுவது வேறு, நலமாக இருப்பது வேறு. எங்கள் ஆடுகள் நோயாளியைப் போல் மெலிந்து சாகவில்லை. கொழுத்துப் பளபளத்து, எல்லோரும் கண் வைக்கும் அழகோடு இருந்த நாளில் செத்தன. தராசு எடையைக் காட்டும், ஈரலைக் காட்டாது.

அப்படியானால் நலத்தை எப்படி அறிவது? நாள்தோறும் காலையில் கொட்டகையைத் திறக்கும்போது ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். எல்லா ஆடும் தீவனத்துக்கு ஓடி வருகிறதா? எது தனியாக நிற்கிறது? கீழ் இமையை விரலால் இறக்கிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் நல்லது. வெளுத்திருந்தால் குடற்புழுவாக இருக்கலாம். மஞ்சளாக இருந்தால் ஈரலில் கோளாறு. புழுக்கை உருண்டையாக இருக்கிறதா? சிறுநீர் என்ன நிறம்? பிள்ளைகளிடம் ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்து, எந்தத் தேதியில் எந்தத் தீவனம், எத்தனை டின், எந்தக் கடையில் வாங்கியது என்று எழுதி வைக்கச் சொல்லுங்கள். ஆடு நோயுற்றால் மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான். பிள்ளைக்கும் அது கணக்குப் பாடமாகும்.

ஓர் ஆடு திடீரென்று செத்தால் மருந்து வைத்தது யார் என்று தேடாதீர்கள். அதற்கு முன் மூன்று மாதம் அது என்ன தின்றது என்று தேடுங்கள். மாவட்டக் கால்நடை அலுவலகத்துக்குச் சொல்லி அனுப்புங்கள். காரணம் தெரியாமல் செத்த ஆட்டின் இறைச்சியை, அதிலும் முக்கியமாக ஈரலை, சமைக்காதீர்கள்.

எங்கள் வீட்டில் மிச்சமிருந்த மூன்று ஆடுகளில் ஒன்று பிறகு செத்தது, இரண்டு பிழைத்தன. அக்காவின் கல்யாணம் ஓராண்டு தள்ளிப் போயிற்று. செம்பு என்ற சொல்லை ஆசிரியரிடம் தெரிந்துகொண்டு வந்து நான் வீட்டில் சொன்ன அன்று, அப்பா வெகுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். இருட்டிய பிறகு எழுந்து அடுத்த வீட்டு வாசலுக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன். “மச்சான், ஆட்டைக் கொன்றது நான்தான். உன்னைச் சொன்னது என் தப்பு” என்றார். மாமா பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, உள்ளே பார்த்து இரண்டு கோப்பி கலக்கச் சொன்னார். இரண்டு பேரும் அதைக் குடித்தார்கள். ஆனாலும், பழையபடி அவர்கள் கலகலப்பாகப் பேசிக்கொள்ள அக்காவின் கல்யாண நாள் வரை ஆயிற்று. பந்தக்கால் நட அன்று முதலில் வந்து நின்றவர் மாமாதான்.

ஆடு செத்தால் இன்னோர் ஆடு வாங்கலாம். லயத்தில் ஒரு வீட்டின் மீது விழுந்த பழியைத் துடைப்பது அவ்வளவு எளிதல்ல. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று நம் முன்னோர் சொன்னது மனிதருக்கு மட்டுமல்ல, கொட்டகையில் நிற்கும் வாயில்லாப் பிராணிக்கும் பொருந்தும். மலிவாகக் கிடைப்பதைப் பயன்படுத்துங்கள். ஆனால், எந்தப் பிராணிக்கு, எவ்வளவு, எப்படி என்று கேட்டுத் தெரிந்துகொண்டு பயன்படுத்துங்கள். நாளைக் காலையில் புண்ணாக்கை அள்ளும்போது கையோடு ஒரு பால் டின்னையும் எடுத்துக்கொண்டு போங்கள்.